வெள்ளை மையில் ஒரு கையொப்பம்

(மாதாந்த நேரலை இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே மொன்றியலில் மாலை ஏழு மணி. லண்டனில் நள்ளிரவாகிவிட்டது, சிட்னியில் காலைத் தேநீர் நேரம். தூக்கத்தை விட்டும் வேலையை விட்டும் வந்திருக்கிற உங்களுக்கு முதலில் நன்றி.

இன்றைய பேச்சின் பொருள் கொஞ்சம் விசித்திரமானது. ஏலத்தில் விற்கப்படும் இசை நினைவுப்பொருள்களில் இருக்கிற கையொப்பம், கையால் போட்டதா, அச்சில் விழுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இதில் எந்தப் பட்டமும் இல்லை. எங்கள் வீட்டுப் படம் ஒன்றுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டிவந்தது. அந்தக் கதையோடு தொடங்குகிறேன்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஊர் வாசிகசாலைக்குப் பல வருடம் செயலாளர். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுவிட்டு, சென்னையில் இருந்த ஒரு பாடகருக்கு அறுபதுகளில் கடிதம் எழுதினார். பாடகரின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்மீது பிழை எதுவும் இல்லை. சில மாதம் கழித்துத் தபாலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. கீழ் மூலையில், கறுப்புக் கோட்டின் மேல், வெள்ளை நிறத்தில் கையொப்பம். சிறுவயதில் அது பாலில் எழுதியது போல எனக்குத் தெரியும். அந்தப் படம் கடித உறையோடு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது வீட்டை விட்டோம், புத்தகங்களை விட்டோம். அந்த ரின் மட்டும் அம்மாவின் பைக்குள் வந்தது. பிறகு அது கனடாவுக்கும் வந்தது.

அப்பா காலமான பிறகு, ஊரில் வாசிகசாலைக்குக் கூரை போட வேண்டும் என்று செய்தி வந்தது. தம்பி இணையத்தில் தேடி, அதே பாடகரின் அதே படம், ‘கையொப்பமிட்டது’ என்ற குறிப்போடு, ஏலத்தில் பல நூறு டொலருக்குப் போயிருப்பதைக் கண்டுபிடித்தான். அப்பாவின் படத்தை விற்று அப்பாவின் வாசிகசாலைக்குக் கூரை போடலாம். இதைவிடப் பொருத்தமான காரியம் வேறு உண்டா? அம்மாவும் சம்மதித்தார். பழைய தாள்களையும் படங்களையும் மதிப்பிடுகிற ஒருவரிடம் நான் கொண்டுபோனேன்.

அவர் படத்தைக் கையில் எடுத்ததும் விளக்கைச் சரித்தார். மேலிருந்து விழுந்த வெளிச்சம் இப்போது பக்கவாட்டில் படத்தைத் தடவிக்கொண்டு போனது. பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, “கையொப்பம் படத்தின் மேலே இருக்கிறதா, படத்துக்குள்ளே இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

நான் என்ன பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னர், கையொப்பம் படத்துக்குள்ளே போனது எப்படி என்ற வரலாற்றைப் பார்ப்போம். அதன் ஒரு பகுதி நான் இருக்கிற இந்த நகரத்திலேயே நடந்தது.

மொன்றியலின் சென்-ஹென்றி பகுதியில் லெனுவார் தெருவில் ஒரு பழைய செங்கல் தொழிற்சாலை இருக்கிறது. எமில் பேர்லினரின் கிராமபோன் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்து, பிறகு ஆர்.சி.ஏ. விக்டரின் கைக்குப் போன கட்டடம். இன்று அதற்குள் பேர்லினரின் பெயரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பேர்லினர், 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றவர். அமெரிக்காவில் வழக்குகளில் சிக்கித் தொழில் முடங்கியபோது மொன்றியலில் காலூன்றினார். குழாயின் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய்ப் படத்தைக் கனடாவில் 1900இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ததும் அவர்தான்.

பேர்லினரின் ஆரம்ப காலத் தட்டுகளில் தாள் லேபிள் கிடையாது. பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் தட்டின் நடுவிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சில தட்டுகளில் பாடியவரின் கையொப்பமும் அங்கே இருக்கும். மூலத் தட்டில் ஒரு தடவை கீறினால் போதும். அதிலிருந்து அச்சு எடுத்து அழுத்துகிற ஒவ்வொரு தட்டிலும் பாட்டோடு சேர்ந்து கையொப்பமும் விழும். அதைப் பார்த்து ‘பாடகர் என் தட்டில் கையொப்பமிட்டார்’ என்று யாரும் ஏமாறவில்லை. குரலே பிரதியாகத்தான் வருகிறது, கையொப்பமும் அப்படித்தான் என்பது வாங்கியவருக்குத் தெரியும்.

அதே தொழில்நுட்பம் நம் பக்கம் வந்தபோது இன்னொரு வகைக் கையொப்பம் பிறந்தது. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கோஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அந்தத் தட்டுகளில் கேட்கும். பதிவுகள் கப்பலேறி ஹனோவருக்குப் போய் அங்கேதான் தட்டாயின. மொழி தெரியாத தொழிலாளர்கள் யாருடைய பாட்டு என்று அறிந்துகொள்ளவே அந்த அறிவிப்பு என்று சொல்வார்கள். குரலால் போட்ட கையொப்பம் அது. ஆயிரம் தட்டு அழுத்தினால் ஆயிரம் தடவையும் அதே மூச்சு, அதே இழுவை.

நமக்கு இது புதிய விஷயமும் அல்ல. திருஞானசம்பந்தர் தன் பதிகங்களின் கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்லி முடிக்கிறார், திருக்கடைக்காப்பு என்கிறோம். கர்நாடக இசையில் அதற்கு முத்திரை என்று பெயர். தியாகராஜருக்கு அவருடைய பெயர், முத்துசுவாமி தீட்சிதருக்கு ‘குருகுஹ’, பாபநாசம் சிவனுக்கு ‘ராமதாசன்’. முத்திரை இருந்தால் பாட்டு அவருடையதுதானா? அங்கேதான் சிக்கல். முத்திரையை யாரும் செருகலாம். தியாகராஜரின் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளில் எவை அவருடையவை என்று இன்றுவரை வித்துவான்கள் வாதிடுகிறார்கள். அப்போது முத்திரையை மட்டும் பார்ப்பதில்லை. வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்ற சீட பரம்பரைகளில் எதன் பாடாந்தரத்தில் அது வந்தது, எந்த ஏட்டில் இருக்கிறது, சொல் அவருடைய சொல்லா என்று கேட்கிறார்கள். ‘யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது?’ என்ற கேள்விதான் அது. ஏலக்காரர்களும் கடைசியில் இதையேதான் கேட்கிறார்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த முறை முன்பே கைவந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏலத்துக்கு வருவோம். அச்சுக் கையொப்பம் பெருகியதற்குக் காரணம் மோசடி அல்ல, ரசிகர் கூட்டம். ஒரு பாடகருக்குத் தினமும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் எத்தனைக்குக் கையொப்பமிடுவார்? பீட்டில்ஸ் குழுவுக்கு அதுதான் நடந்தது. அவர்களின் விளம்பர அட்டைகளில் நால்வரின் கையொப்பமும் படத்தோடு சேர்த்தே அச்சிடப்பட்டன. போதாததற்கு, கூடவே பயணம் செய்த உதவியாளர்களான நீல் அஸ்பினோலும் மல் எவன்ஸும் நால்வருக்காகவும் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். இன்று சந்தையில் அச்சைவிட ஆபத்தானது அந்த இரண்டாவது வகைதான். அது உண்மையான மை, உண்மையான பேனா, உண்மையான 1964. கை மட்டும் வேறு.

மொன்றியலில் பீட்டில்ஸ் பாடியது ஒரே ஒரு நாள், 1964 செப்ரெம்பர் 8. போரம் அரங்கில் இரண்டு காட்சிகள். ரிங்கோ ஸ்டாருக்குக் கொலை மிரட்டல் வந்திருந்ததால் மேடையில் அவருக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது காட்சி முடிந்ததும் அவர்கள் இரவு தங்காமல் விமானமேறிவிட்டார்கள். ஆகவே ‘மொன்றியல் ஹொட்டேலில் அவர்கள் தங்கிய இரவில் வாங்கியது’ என்று யாராவது ஒரு கையொப்பத்தைக் காட்டினால், பூதக்கண்ணாடி தேவையில்லை, நாட்காட்டி போதும். பொருளைப் பார்க்குமுன் கதையைப் பாருங்கள். கதையில் திகதியும் இடமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கதை பொருந்தினால் பொருளுக்கு வரலாம். நான் கற்றுக்கொண்ட சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பக்கவாட்டு வெளிச்சம். குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் தாள் பள்ளம் விழும்; பின்பக்கம் தடவினால் சிலவேளை விரலுக்கே தெரியும். அச்சில் பள்ளம் இல்லை. மார்க்கர் பேனா பள்ளம் போடாது, ஆனால் பளபளப்பான அட்டையைச் சரித்தால் மை இருக்கும் இடம் வேறு விதமாக மின்னும். அச்சுக் கையொப்பமோ சுற்றியுள்ள படத்தோடு சேர்ந்தே மின்னும்.

இரண்டாவது, புள்ளிகள். பத்து மடங்கு பெருக்கிப் பார்த்தால் அச்சுப்படம் சிறு புள்ளிகளாகப் பிரியும். கையொப்பத்தின் கோடும் அப்படிப் பிரிந்தால் அது படத்தின் பகுதிதான். ஆனால் கோடு புள்ளியாகாமல் கெட்டியாக இருந்தாலும் உடனே நம்பவேண்டாம். கையொப்பத்தை மட்டும் தனிக் கட்டையாக அச்சிடுவதும் உண்டு.

மூன்றாவது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். பேனா இரண்டு தடவை போன இடத்தில் மை கூடும், நிறம் கருக்கும். அச்சில் அந்த இடமும் மற்ற இடங்களும் ஒரே கருமை. ரப்பர் முத்திரை என்றால் மை விளிம்புக்கு ஒதுங்கி நடு வெளிறியிருக்கும்.

நான்காவது சோதனைதான் எல்லாவற்றிலும் வலுவானது. ஒரு மனிதர் ஒரே மாதிரி இரண்டு தடவை கையொப்பமிட மாட்டார். வங்கியில் உங்கள் கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிய அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். இரண்டு கையொப்பங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது மயிரிழை பிசகாமல் பொருந்தினால், இரண்டில் ஒன்றாவது பிரதி. பெரும்பாலும் இரண்டுமே பிரதி.

இந்தச் சோதனை எவ்வளவு பெரியவர்களையும் பிடித்துவிடும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2022 நவம்பரில் பொப் டிலன் எழுதிய ஒரு நூலின் 900 பிரதிகள், அவர் கைப்படக் கையொப்பமிட்டவை என்று ஒவ்வொன்றும் 599 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளின் படங்களை இணையத்தில் போட்டு ஒப்பிட்டார்கள். ஒரே கையொப்பங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஓட்டோபென் என்ற இயந்திரம் போட்டவை அவை. ஓட்டோபென்னில் உண்மையான பேனாவே எழுதும். ஆகவே மை உண்டு, பள்ளமும் உண்டு, அச்சுப் புள்ளி இல்லை. என் முதல் மூன்று சோதனைகளையும் அது தாண்டிவிடும். நான்காவதில்தான் விழுந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019 முதல் தலைசுற்றல் நோய் இருந்ததாகவும் இயந்திரத்தைப் பயன்படுத்தியது தவறு என்றும் டிலன் அறிக்கை விட்டார். அந்த இயந்திரம் பல பத்தாண்டுகளாக அலுவலகங்களில் இருக்கிறது. குற்றம் இயந்திரத்தில் இல்லை. ‘கைப்பட’ என்ற ஒரு சொல்லில் இருந்தது.

சொல் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இன்னொரு மொன்றியல் கதை. 1969 மே 26ஆம் திகதி ஜோன் லெனனும் யோக்கோ ஓனோவும் இந்த நகரத்தின் குயின் எலிசபெத் ஹொட்டேலில் 1742ஆம் அறையில் சமாதானத்துக்காகப் படுக்கைப் போராட்டம் தொடங்கினார்கள். ஜூன் 1ஆம் திகதி அதே அறையில், அங்கே கூடியிருந்தவர்களையும் சேர்த்துப் பாடவைத்து, ‘கிவ் பீஸ் எ சான்ஸ்’ பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்த நாட்களில் அறைக்குள் நுழைந்துவிட்ட 16 வயது மொன்றியல் பெண் கேல் றெனார்ட். லெனன் தன் கையால் எழுதிய பாட்டு வரிகளின் தாளை அவருக்குக் கொடுத்தார். 2008 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தத் தாள் 421,250 பவுணுக்குப் போனது. அதன் பெறுமதி எழுத்தில் மட்டும் இல்லை. அது எழுதப்பட்ட அறை, நாள், பெற்றுக்கொண்ட ஆள் எல்லாம் தெரியும். லெனனின் கையிலிருந்து அந்தப் பெண்ணின் கை, அங்கிருந்து ஏலம். பாடாந்தரம் அறுபடவில்லை.

அதே லெனன் தன் திருமணத்தையும் தேனிலவையும் வைத்து வரைந்த 14 கற்பாள அச்சோவியங்கள் ‘பேக் வன்’ என்ற தொகுதியாக 1970இல் வெளிவந்தன. 300 தொகுதிகளுக்கு அவரே கையொப்பமிட்டார். 1980 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் அவருடைய வரைபடங்களிலிருந்து அச்சோவியங்கள் வந்தன, இன்றும் விற்கப்படுகின்றன. இறந்தவர் கையொப்பமிட முடியாது. ஆகவே அவற்றில் இருப்பது யோக்கோவின் கையொப்பமும் லெனனின் முத்திரையும். நேர்மையான பட்டியல் இதைத் தெளிவாகச் சொல்லும். இங்கே ஏலப் பட்டியல்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பிரெஞ்சில் ‘சிஞே தாங் லா பிளாங்ஷ்’ என்று ஒரு தொடர் வரும். ‘அச்சுப் பாளத்துக்குள்ளே கையொப்பமிட்டது’ என்று பொருள். ‘கையொப்பமிட்டது’ என்ற முதற்சொல்லைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்துகிறவர் ஏமாறுகிறார். மிகுதி மூன்று சொல்லில்தான் விலை இருக்கிறது.

இப்போது என் கையிலிருந்த பூதக்கண்ணாடிக்கு வருகிறேன்.

வெள்ளை மை என்ற ஒன்று உண்டு. அதனால் எழுதியிருந்தால் மை கறுப்புக் கோட்டின் மேல் சற்றே புடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லிய நிழல் விழுத்தும். எங்கள் படத்தில் நிழல் இல்லை. மேற்பரப்பு பளிங்கு போல ஒரே சமமாக இருந்தது. மதிப்பீட்டாளர் விளக்கினார். நெகட்டிவின் மேல் ஒளி புகாத மையால் ஒரு தடவை எழுதினால், படம் கழுவும்போது அந்த இடத்துக்கு ஒளி போகாது. தாளில் அது வெள்ளையாக நிற்கும். அந்த நெகட்டிவிலிருந்து எத்தனை படம் எடுத்தாலும் அத்தனையிலும் கையொப்பம் வரும். நான் பாலில் எழுதியதென்று நினைத்தது, ஒளி படாத இடம்.

வீட்டுக்கு வந்ததும், தம்பி சேமித்து வைத்திருந்த அந்த ஏலப் படத்தைக் கணினியில் எங்கள் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்தின் வால் நடுவில் அறுந்திருந்த இடமும்கூட ஒன்றாகப் பொருந்தியது.

தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அக்கா, மற்றவை அப்பிடித்தானே வித்திருக்கினம். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றான்.

அவன் கெட்டவன் அல்ல. அந்தக் கூரைக்காகத்தான் கேட்டான். எனக்கும் ஒரு நிமிடம் மனம் அங்கே போய் வந்தது. ‘கையொப்பத்துடன் கூடிய படம்’ என்று எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே. கையொப்பம் இருக்கிறதுதானே? இப்படித்தான் இந்தச் சந்தையில் பெரும்பாலான பொய்கள் பிறக்கின்றன என்று அன்று விளங்கியது. போலிக் கையொப்பம் போட ஒரு திறமை வேண்டும். உள்ளதைச் சொல்லாமல் விடுவதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். பாடகர் ஏமாற்றவில்லை, படத்தைக் கழுவிய ஸ்டூடியோக்காரர் ஏமாற்றவில்லை, அப்பாவும் ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன், அவர் கேட்டது பதில், பதில் வந்தது. ஏமாற்றுவதென்றால் அந்தச் சங்கிலியில் முதல் ஆள் நாங்களாக இருப்போம்.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “அப்ப அது பொய்யோ பிள்ளை?” என்று கேட்டார்.

“பொய் இல்லை அம்மா, அச்சு.”

அம்மா உறையை எடுத்துப் பார்த்தார். அதில் அப்பாவின் பெயரும் ஊரும் வாசிகசாலையின் விலாசமும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. பாடகரின் எழுத்தோ, அவரிடம் வேலை செய்த யாருடைய எழுத்தோ. “இது கையாலைதானே எழுதியிருக்கு” என்றார். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். பேனா முனை தாளை அழுத்திய பள்ளம் தெரிந்தது. முத்திரை குத்திய தபால்தலையும் அப்படியே இருந்தது. கையால் எழுதப்பட்டு, எங்கள் வீட்டுக்கென்று அனுப்பப்பட்ட பொருள் அந்த உறைதான்.

படத்தை நாங்கள் விற்கவில்லை. அந்த மற்றப் படத்தை விற்றவர்களுக்கு இரண்டு கையொப்பங்களும் பொருந்துவதைப் படத்தோடு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. கூரைக்கு நானும் தம்பியும் மாதம் மாதம் ஒரு தொகை போட்டோம். ஒன்றரை வருடம் எடுத்தது.

பழைய படங்களின் பின்புறத்தில் பேனாவால் எழுதக்கூடாது, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும் என்று அந்த மதிப்பீட்டாளர் சொல்லித்தந்தார். அதன்படி எழுதினேன்: ‘கையொப்பம் அச்சு. இந்தப் படம் 1960களில் சென்னையிலிருந்து தபாலில் அப்பாவுக்கு வந்தது. 1995 ஒக்டோபரில் அம்மா கொண்டு வந்தார். உறையைப் பிரிக்க வேண்டாம்.’ கீழே என் பெயரை எழுதித் திகதி போட்டேன்.

உங்கள் வீடுகளிலும் இப்படியான படங்கள், தட்டுகள், பாட்டுப் புத்தகங்கள் இருக்கும். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் அவற்றை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம், ஆவணக்காப்பகத்துக்குக் கொடுக்கலாம், குப்பையிலும் போடலாம். யாரிடமிருந்து எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள்தான் கடைசி. இந்த வாரம் ஒரு பென்சிலை எடுங்கள். தெரிந்ததை எழுதுங்கள். அச்சு என்றால் அச்சு என்று எழுதுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.